சினைப்பை நீர்க்கட்டி நோய்க்குறி: சிகிச்சையின் வரலாறு

சினைப்பை நீர்க்கட்டி நோய்க்குறி என்பது குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களுக்கு ஏற்படும் ஹார்மோன் கோளாறு ஆகும். மருத்துவர்களும் மக்களும் இதைச் சுருக்கமாகப் பி.சி.ஓ.எஸ். என்று அழைக்கின்றனர். மாதவிலக்கு தள்ளிப்போதல் அல்லது நின்றுவிடுதல், முகத்திலும் உடலிலும் முடி வளர்தல், முகப்பரு, உடல் எடை கூடுதல், கருத்தரிப்பதில் தடை ஆகியவை இதன் முக்கிய அறிகுறிகள். எல்லா அறிகுறிகளும் எல்லாப் பெண்களிடமும் காணப்படுவதில்லை. மெலிந்த உடல்வாகு கொண்டவர்களுக்கும் இந்நோய் வருவதுண்டு.

இந்நோய்க்கான சிகிச்சை சுமார் தொண்ணூறு ஆண்டுகளில் பல கட்டங்களைக் கடந்து வந்துள்ளது. முதலில் அறுவை சிகிச்சை வந்தது. பின்னர் சினைமுட்டையை வெளியேறச் செய்யும் மாத்திரை வந்தது. அதன் பின்னர் நீரிழிவு மருந்தான மெட்ஃபார்மினும் மாவுச்சத்து குறைந்த உணவும் வந்தன. நோயின் வேர் எங்கே உள்ளது என்ற கேள்விக்குக் கிடைத்த விடை மாறியபோதெல்லாம் சிகிச்சையும் மாறியது. பருமனையும் பிள்ளையின்மையையும் பெண்ணின் சோம்பலுக்கும் பெருந்தீனிக்கும் கிடைத்த பலனாகக் கருதிய பார்வையும் இந்த வரலாற்றின் ஊடே மெல்ல மாறியது.

பெயர் தரும் குழப்பம்

நோயின் பெயரில் நீர்க்கட்டி என்ற சொல் இருந்தாலும், சினைப்பையில் காணப்படுபவை உண்மையான கட்டிகள் அல்ல. ஒவ்வொரு மாதமும் சினைப்பையில் பல சிறு நுண்ணறைகள் வளரத் தொடங்கும். அவற்றுள் ஒன்று மட்டும் முழுமையாக முதிர்ந்து சினைமுட்டையை வெளியிடும். இந்நோயில் நுண்ணறைகள் பாதி வளர்ச்சியிலேயே நின்றுவிடுகின்றன. எதுவும் முதிராததால் முட்டை வெளியேறுவதில்லை. மாதவிலக்கும் ஒழுங்காக வருவதில்லை. வளர்ச்சி நின்ற இந்நுண்ணறைகளே ஸ்கேன் படத்தில் சினைப்பையின் ஓரத்தில் முத்துமாலைபோல் வரிசையாகத் தெரிகின்றன. கட்டி என்ற சொல்லைக் கேட்டு அதைப் புற்றுநோய் என்றோ வெட்டி அகற்ற வேண்டியது என்றோ அஞ்சத் தேவையில்லை.

தொடக்ககாலக் குறிப்புகள்

இத்தாலிய மருத்துவரும் இயற்கை ஆய்வாளருமான அந்தோனியோ வல்லிஸ்னேரி 1721 ஆம் ஆண்டில் எழுதிய குறிப்பு ஒன்று இந்நோயைப் பற்றிய மிகப் பழைய பதிவாகக் கருதப்படுகிறது. அதில் இடம்பெறுபவர் மணமாகியும் பிள்ளைப்பேறு இல்லாத, ஓரளவு பருமனான இளம் உழவர் குலப் பெண். அவருடைய சினைப்பைகள் இயல்பைவிடப் பெரிதாகி, மேடுபள்ளமாகவும் வெண்மையாகவும் பளபளத்தன. புறா முட்டைகளைப் போலிருந்தன என்று அவர் எழுதினார். பருமன், பிள்ளையின்மை, சினைப்பையின் மாற்றம் ஆகிய மூன்றும் ஒரே குறிப்பில் சேர்ந்து வந்திருப்பது கவனிக்கத்தக்கது.

பாரிசைச் சேர்ந்த அஷார், தியேர் என்ற இரு மருத்துவர்கள் 1921 ஆம் ஆண்டில் தாடி வளர்ந்த பெண்களுக்கு வரும் நீரிழிவு என்ற தலைப்பில் ஒரு நோயை விவரித்தனர். ஆண் ஹார்மோன் மிகுதிக்கும் சர்க்கரை நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்பதற்கான முதல் தடயங்களுள் இது ஒன்று. கனடாவின் டொரோண்டோ நகரில் இன்சுலின் பிரித்தெடுக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். ஆயினும் இரண்டையும் இணைத்துப் பார்க்க மருத்துவ உலகுக்கு இன்னும் அறுபது ஆண்டுகள் தேவைப்பட்டன.

அறுவை சிகிச்சைக் காலம்

இந்நோய்க்கு மருத்துவ நூல்களில் தனி இடம் பெற்றுத் தந்தவர்கள் அமெரிக்காவின் சிகாகோ நகர மருத்துவர்களான இர்விங் ஸ்டெயின், மைக்கேல் லெவென்தால் ஆகிய இருவர். மாதவிலக்கு நின்றுபோய், இரு சினைப்பைகளும் பெருத்திருந்த ஏழு பெண்களைப் பற்றிய அவர்களுடைய கட்டுரை 1935 ஆம் ஆண்டில் வெளிவந்தது. நீண்ட காலம் இந்நோய் ஸ்டெயின்-லெவென்தால் நோய்க்குறி என்றே வழங்கியது.

அவர்கள் அந்த ஏழு பெண்களின் சினைப்பைகளிலிருந்தும் ஆப்பு வடிவில் ஒரு பகுதியை வெட்டி அகற்றினர். ஏழு பேருக்கும் மாதவிலக்கு திரும்பியது, இருவர் கருவுற்றனர். தடித்த மேலுறை முட்டை வெளிவராமல் தடுக்கிறது, வெட்டினால் வழி திறக்கிறது என்று அப்போது விளக்கம் தரப்பட்டது. சிகிச்சை பலனளித்தது, ஆனால் விளக்கம் தவறு என்பது பின்னாளில் தெரிந்தது. ஆண் ஹார்மோனைச் சுரக்கும் திசுவில் ஒரு பகுதி நீங்கியதால் அதன் அளவு குறைந்ததே பலனுக்குக் காரணம் என்று இன்று கருதப்படுகிறது.

இந்த அறுவைக்கு வயிற்றைத் திறக்க வேண்டியிருந்தது. ஆறிய பின்னர் சினைப்பையும் கருக்குழாயும் சுற்றியுள்ள திசுக்களோடு ஒட்டிக்கொள்ளும் ஆபத்தும் இருந்தது. அவ்வாறு ஒட்டிக்கொண்டால், பிள்ளைப்பேற்றுக்காகச் செய்த அறுவையே அதற்குப் புதிய தடையாகிவிடும். 1984 ஆம் ஆண்டில் நார்வே நாட்டு மருத்துவர் யோனெஸ், சிறு துளை வழியே கருவியைச் செலுத்தி மின்சூட்டால் சினைப்பையில் புள்ளிகள் இடும் முறையை வெளியிட்டார். மாத்திரைக்குப் பலன் கிடைக்காத சிலருக்கு இம்முறை இன்றும் கையாளப்படுகிறது.

முதல் மாத்திரை: குளோமிஃபீன்

அமெரிக்காவின் சின்சினாட்டி நகரிலிருந்த மெரல் மருந்து நிறுவனத்தில் 1956 ஆம் ஆண்டில் குளோமிஃபீன் உருவாக்கப்பட்டது. ஜார்ஜியா மாநில மருத்துவரான ராபர்ட் கிரீன்பிளாட் 1961 ஆம் ஆண்டில், இம்மருந்து முட்டை வெளியேறுவதைத் தூண்டுகிறது என்று அறிவித்தார். 1967 ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு இதற்கு ஒப்புதல் அளித்தது.

குளோமிஃபீன் மூளையில் ஈஸ்ட்ரோஜனின் பிடியைத் தடுக்கிறது. உடலில் ஈஸ்ட்ரோஜன் குறைந்துவிட்டதாக மூளை எண்ணி, சினைப்பையைத் தூண்டும் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கச் செய்கிறது. மாதவிலக்குத் தொடங்கிய சில நாட்களில் ஐந்து நாட்கள் மட்டும் இம்மாத்திரை உட்கொள்ளப்படுகிறது. கத்தியின்றிப் பிள்ளைப்பேறு என்ற நம்பிக்கை இதனால் பிறந்தது. ஆனால் எடை மிகுந்த பெண்கள் பலருக்கு அளவைக் கூட்டியும் பலன் கிடைக்கவில்லை. அவர்களுக்கு வழக்கமாகத் தரப்பட்ட அறிவுரை, முதலில் எடையைக் குறைக்க வேண்டும் என்பதே. எடை ஏன் குறைய மறுக்கிறது என்பதற்கு அப்போது விடை இல்லை.

இன்சுலின் தொடர்பு

இரத்தத்தில் மிக நுண்ணிய அளவில் உள்ள இன்சுலினை அளக்கும் முறையை நியூயார்க்கில் ரோசலின் யாலோ, சாலமன் பெர்சன் ஆகியோர் 1960 வாக்கில் உருவாக்கினர். இதற்காக யாலோவுக்கு 1977 ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது; பெர்சன் அதற்கு முன்பே காலமாகியிருந்தார். இந்த அளவீட்டு முறைதான் சினைப்பை நோயின் போக்கையும் மாற்றியது.

1980 ஆம் ஆண்டில் பர்கென், கிவென்ஸ், கிடாப்சி ஆகியோர், இந்நோயுள்ள பருமனான பெண்களின் இரத்தத்தில் இன்சுலினும் ஆண் ஹார்மோனும் சேர்ந்தே மிகுந்திருப்பதைக் காட்டினர். 1989 ஆம் ஆண்டில் ஆண்ட்ரியா டுனைஃப் குழுவினர் மேலும் ஒரு படி சென்றனர். ஒரே எடையுள்ள மற்றப் பெண்களோடு ஒப்பிட்டாலும் இந்நோயுள்ள பெண்களின் உடல் இன்சுலினுக்குக் குறைவாகவே இணங்குகிறது என்று அவர்கள் கண்டனர். இதற்கு இன்சுலின் எதிர்ப்புநிலை என்று பெயர். பருமன் இந்நிலையை மோசமாக்கும். ஆனால் பருமன் மட்டுமே இதற்குக் காரணம் அல்ல.

இது நிகழும் விதம் பின்வருமாறு. தசையும் கல்லீரலும் இன்சுலினுக்கு எளிதில் இணங்காதபோது, இரத்தச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கக் கணையம் இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்கிறது. தசை இணங்காவிட்டாலும் சினைப்பை அந்த இன்சுலினுக்கு இணங்குகிறது. அதன் தூண்டுதலால் ஆண் ஹார்மோனை மிகுதியாக உண்டாக்குகிறது. டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்துவைத்துக்கொள்ளும் ஒரு புரதம் கல்லீரலில் உருவாகிறது. மிகுந்த இன்சுலின் அந்தப் புரதத்தைக் குறைத்துவிடுவதால் கட்டின்றி உலவும் டெஸ்டோஸ்டிரோன் கூடுகிறது. விளைவாக நுண்ணறைகளின் வளர்ச்சி தடைப்படுகிறது. மிகுந்த இன்சுலின் கொழுப்பு கரைவதையும் தடுக்கிறது. எடை கூடினால் இன்சுலின் எதிர்ப்பு மேலும் கூடும். இப்படி ஒன்றையொன்று வளர்க்கும் சுழலில் சிக்கியவரிடம் மன உறுதி போதவில்லை என்று சொல்வது பொருந்தாது என்பதை இந்த ஆய்வுகள் தெளிவாக்கின.

மெட்ஃபார்மினின் பயணம்

மெட்ஃபார்மினின் மூலக்கதை கலேகா என்ற ஐரோப்பியச் செடியிலிருந்து தொடங்குகிறது. அச்செடியில் உள்ள ஒரு வேதிப்பொருள் இரத்தச் சர்க்கரையைக் குறைக்கும். அதன் உறவுப் பொருளான மெட்ஃபார்மினை 1922 ஆம் ஆண்டில் டப்ளின் நகரில் வெர்னர், பெல் ஆகியோர் ஆய்வகத்தில் உருவாக்கினர். பாரிஸ் மருத்துவரான ழான் ஸ்டெர்ன் 1957 ஆம் ஆண்டில் இதை நீரிழிவு மருந்தாக அறிமுகம் செய்தார். சர்க்கரையை உண்பது என்ற பொருளில் குளுக்கோஃபாஜ் என்று பெயரிட்டவரும் அவரே. இதே மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்த ஃபென்ஃபார்மின் இரத்தத்தில் லாக்டிக் அமிலத்தை ஆபத்தான அளவுக்குக் கூட்டியதால் 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் விலக்கப்பட்டது. அந்த அச்சம் மெட்ஃபார்மின் மீதும் நிழலாகப் படிந்தது. 1994 டிசம்பரில்தான் அமெரிக்கா அதற்கு ஒப்புதல் தந்தது.

அதே 1994 ஆம் ஆண்டில், வெனிசுவேலா நாட்டின் வெலாஸ்கெஸ் தலைமையிலான குழு, இந்நோயுள்ள 26 பெண்களுக்கு நாளொன்றுக்கு 1.5 கிராம் மெட்ஃபார்மினை எட்டு வாரம் கொடுத்த ஆய்வை வெளியிட்டது. இன்சுலினும் ஆண் ஹார்மோனும் குறைந்தன, சிலருக்கு மாதவிலக்கு சீரானது, கருவுற்றவர்களும் இருந்தனர். சினைப்பையை நேரடியாகத் தொடாமல் இன்சுலினைக் குறைத்தே சினைப்பையைச் சீராக்கலாம் என்ற கருத்துக்கு இது வழிகாட்டியது.

1998 ஆம் ஆண்டில் நெஸ்லர் குழுவினர் 61 பருமனான பெண்களிடம் செய்த ஆய்வு பெரும் கவனத்தைப் பெற்றது. மெட்ஃபார்மின் மட்டும் உட்கொண்ட 35 பேரில் 12 பேருக்கு முட்டை தானாக வெளியேறியது. மருந்தில்லாத போலி மாத்திரை உட்கொண்ட 26 பேரில் ஒருவருக்கு மட்டுமே அவ்வாறு நிகழ்ந்தது. பலன் கிடைக்காதவர்களுக்குக் குளோமிஃபீனும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. அப்போது மெட்ஃபார்மின் பிரிவில் 21 பேரில் 19 பேருக்கும், போலி மாத்திரைப் பிரிவில் 25 பேரில் இருவருக்கும் முட்டை வெளியேறியது.

எடைக்குறைப்பும் மாவுச்சத்து குறைந்த உணவும்

இதே காலத்தில் உணவுவழிச் சிகிச்சையும் வளர்ந்தது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் முட்டை வெளியேறாத 13 பருமனான பெண்களுக்கு ஆறு மாதம் உடற்பயிற்சியும் உணவுப் பழக்க மாற்றமும் கற்பிக்கப்பட்டன. 1995 ஆம் ஆண்டில் வெளிவந்த முடிவின்படி அவர்கள் சராசரியாக இழந்தது 6.3 கிலோ மட்டுமே. ஆயினும் 12 பேருக்கு முட்டை வெளியேறத் தொடங்கியது. 11 பேர் கருவுற்றனர். மெலிந்த உடலை அடைந்தால்தான் பிள்ளை என்ற எண்ணத்தை இம்முடிவு தகர்த்தது. எடையில் சிறு பங்கு குறைந்தாலே ஹார்மோன்கள் மாறத் தொடங்குகின்றன.

மாவுச்சத்தைக் குறைத்து எடையைக் குறைக்கும் முறை இந்நோயின் வரலாற்றைவிடப் பழமையானது. இலண்டனில் ஈமச்சடங்கு ஏற்பாட்டாளராக இருந்த வில்லியம் பேண்டிங், ரொட்டி, சர்க்கரை, உருளைக்கிழங்கு, பீர் முதலியவற்றை மருத்துவர் ஹார்வியின் அறிவுரைப்படி விலக்கி ஓராண்டில் 46 பவுண்டு, அதாவது சுமார் 21 கிலோ எடை குறைந்தார். தம் அனுபவத்தை 1863 ஆம் ஆண்டில் சிறு நூலாக வெளியிட்டார். இவர் இன்சுலின் கண்டுபிடிப்பில் பங்குகொண்ட ஃபிரெடெரிக் பேண்டிங் அல்லர். 1921 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த ரஸ்ஸல் வைல்டர், வலிப்பு நோய்க்காக மாவுச்சத்து மிகக் குறைந்த, கொழுப்பு மிகுந்த உணவை முன்வைத்துக் கீட்டோஜெனிக் என்று பெயரிட்டார். 1972 இல் மருத்துவர் ராபர்ட் அட்கின்ஸ் எழுதிய நூல் இத்தகைய உணவை மக்களிடையே பரப்பியது.

இன்சுலினைச் சுரக்கச் செய்வதில் மாவுச்சத்தே முதலிடம் வகிக்கிறது. ஆகவே மாவுச்சத்தைக் குறைத்தால் இன்சுலின் குறையும், இன்சுலின் குறைந்தால் சினைப்பை சீராகும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. இதை அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தினர் சோதித்து 2005 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நாளொன்றுக்கு 20 கிராம் அல்லது அதற்கும் குறைவான மாவுச்சத்து என்பது விதி. ஒரு கிண்ணம், அதாவது சுமார் 150 கிராம் சோற்றில் ஏறத்தாழ 40 கிராம் மாவுச்சத்து உண்டு என்பதை எண்ணினால் இதன் கடுமை விளங்கும். சேர்ந்தவர்கள் 11 பேர். 24 வாரங்களை நிறைவு செய்தவர்கள் ஐவர் மட்டுமே. அந்த ஐவரின் எடை சராசரியாக 12 விழுக்காடும், வெறும் வயிற்று இன்சுலின் 54 விழுக்காடும், கட்டற்ற டெஸ்டோஸ்டிரோன் 22 விழுக்காடும் குறைந்தன. முன்பு கருத்தரிக்க இயலாதிருந்த இருவர் கருவுற்றனர்.

இந்த ஆய்வு இரு செய்திகளைத் தருகிறது. கடைப்பிடித்தவர்களுக்குப் பலன் கிடைத்தது. ஆனால் பாதிக்கும் மேற்பட்டோரால் இறுதிவரை கடைப்பிடிக்க முடியவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க மற்றொரு பிரிவும் அதில் இல்லை. பிற்காலத்தில் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், எந்த வகை உணவானாலும் எடை குறைந்தால் நன்மை உண்டு. ஒரு வகை மட்டுமே சிறந்தது என்று உறுதியாகக் கூறச் சான்று போதாது என்ற முடிவுக்கு வந்தனர்.

பெரிய ஆய்வுகளும் லெட்ரோசோலும்

மெட்ஃபார்மின் மீது வளர்ந்த நம்பிக்கையை 2007 ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வு அளந்து காட்டியது. 626 பெண்கள் பங்கேற்ற அந்த ஆய்வில் முட்டை வெளியேறியதா என்பதோடு நில்லாமல், உயிருள்ள குழந்தை பிறந்ததா என்பதே முதன்மையாகக் கணக்கிடப்பட்டது. குளோமிஃபீன் பிரிவில் 22.5 விழுக்காட்டினரும், மெட்ஃபார்மின் பிரிவில் 7.2 விழுக்காட்டினரும், இரண்டும் சேர்ந்த பிரிவில் 26.8 விழுக்காட்டினரும் குழந்தை பெற்றனர். மாதவிலக்கைச் சீராக்குவதற்கும் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதற்கும் மெட்ஃபார்மின் துணை செய்யும்; பிள்ளைப்பேற்றுக்கு அது மட்டும் போதாது என்பது இதனால் தெரிந்தது.

மார்பகப் புற்றுநோய் மருந்தான லெட்ரோசோல் முட்டையை வெளியேறச் செய்கிறது என்பதைக் கனடாவின் மிட்வாலி, காஸ்பர் ஆகியோர் 2001 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 2005 இல் ஒரு மாநாட்டு அறிக்கை இதனால் பிறவிக் குறைகள் வரலாம் என்ற ஐயத்தை எழுப்பியது. 911 குழந்தைகளைக் கொண்டு 2006 இல் வெளிவந்த கனடிய ஆய்வு அந்த ஐயத்தை உறுதிசெய்யவில்லை. ஆயினும் இந்திய அரசு 2011 அக்டோபரில் கருத்தரிப்புச் சிகிச்சைக்கு இம்மருந்தைத் தடை செய்தது. 2014 இல் 750 பெண்களிடம் நடந்த அமெரிக்க ஆய்வில் லெட்ரோசோல் பிரிவில் 27.5 விழுக்காட்டினரும் குளோமிஃபீன் பிரிவில் 19.1 விழுக்காட்டினரும் குழந்தை பெற்றனர். 2017 ஆம் ஆண்டில் இந்தியத் தடை நீங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில், கூடுதல் பலன் தரும் மருந்து இந்தியப் பெண்களுக்கு முறைப்படி கிடைக்காமல் போனது.

தென்னாசியப் பெண்கள்

இலங்கை மருத்துவர் சந்திரிகா விஜேரத்ன இங்கிலாந்தின் லீட்ஸ் நகர மருத்துவர்களுடன் சேர்ந்து 2002 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, இந்நோயுள்ள தென்னாசியப் பெண்களை ஐரோப்பிய வம்சாவளிப் பெண்களோடு ஒப்பிட்டது. தென்னாசியப் பெண்களுக்கு இளவயதிலேயே அறிகுறிகள் தோன்றுவதும், அவை கடுமையாக இருப்பதும், வெறும் வயிற்று இன்சுலின் மிகுந்திருப்பதும் அதில் தெரியவந்தன. இலங்கையின் கம்பஹா மாவட்டத்தில் 15 முதல் 39 வயது வரையுள்ள பெண்களிடம் நடந்த கணக்கெடுப்பில் 6.3 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தது.

உணவு பற்றிய கேள்வியும் இங்கே தனி முக்கியத்துவம் பெறுகிறது. சென்னையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய இந்திய அளவிலான உணவாய்வு, இந்தியர்கள் பெறும் ஆற்றலில் சுமார் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருவதாகக் கண்டது. சோறும் இட்லியும் தோசையும் மூன்று வேளையும் இடம்பெறும் வீட்டில் 20 கிராம் என்ற விதி நெடுநாள் நிற்பது அரிது. சோற்றின் அளவைக் குறைத்துக் காய்கறியையும் பருப்பு, சுண்டல், முட்டை, மீன் போன்ற புரத உணவையும் கூட்டுதல், இனிப்புப் பானங்களை விலக்குதல் ஆகியவை இங்கே இயலக்கூடிய மாற்றங்கள். குடும்பத்துக்கே சமைக்கும் பெண் தனக்கு மட்டும் வேறு சமைத்துக்கொள்வது கடினம். ஆகவே வீடு முழுவதும் தட்டை மாற்றிக்கொண்டால்தான் அது நிலைக்கும்.

இன்றைய நிலை

2023 ஆம் ஆண்டின் பன்னாட்டு வழிகாட்டி, கருத்தரிக்க விரும்புவோருக்கு லெட்ரோசோலை முதல் மருந்தாகப் பரிந்துரைக்கிறது. எடை, சர்க்கரை முதலிய வளர்சிதை மாற்றக் குறைகளுக்கு மெட்ஃபார்மின் இடம்பெறுகிறது. உணவில் ஒரு முறையை மட்டும் அது உயர்த்திப் பேசவில்லை. அவரவரால் தொடர முடிந்த நல்ல உணவே சிறந்தது என்கிறது. பருமனைக் காட்டிப் பெண்களை இழிவாக நடத்தும் போக்கு மருத்துவர்களிடமும் இருப்பதை ஒப்புக்கொண்டு அதைக் கைவிடுமாறு கேட்கிறது.

மருந்தும் உணவும் இணையும்போது சில எச்சரிக்கைகளும் உள்ளன. மெட்ஃபார்மின் தொடக்கத்தில் வயிற்றுப்போக்கும் குமட்டலும் தரலாம். எனவே குறைந்த அளவில் தொடங்கி உணவோடு உட்கொள்ளப்படுகிறது. நெடுநாள் உட்கொள்வோருக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும். இன்சுலின் போன்ற வேறு சர்க்கரை மருந்துகளையும் உட்கொள்பவர் மாவுச்சத்தைத் திடீரெனக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை தாழ்ந்துவிடலாம். மருத்துவரைக் கேட்டே மாற்ற வேண்டும். கருவுற்ற காலம் கடுமையான உணவுக் கட்டுப்பாட்டுக்கு உரியதன்று. புதிதாக வந்துள்ள செமாகுளூடைடு போன்ற எடைக்குறைப்பு ஊசிகளைக் கருத்தரிக்கத் திட்டமிடுவதற்கு இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். நீண்ட காலம் மாதவிலக்கு நின்றிருந்தவருக்கு எடையும் இன்சுலினும் குறைந்ததும் முட்டை முன்னறிவிப்பின்றி வெளியேறத் தொடங்கலாம். ஆகவே அப்போது குழந்தை வேண்டாதவர் கருத்தடையையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வல்லிஸ்னேரியின் குறிப்பில் வரும் உழவர் பெண்ணுக்கு எந்தச் சிகிச்சையும் இருந்ததாகத் தெரியவில்லை. 1935 இல் சிகாகோவின் ஏழு பெண்களுக்குக் கத்தி கிடைத்தது. இன்று இந்நோயுள்ள பெண்ணுக்கு மாத்திரை உண்டு. தன் தட்டில் தானே செய்துகொள்ளும் மாற்றமும் உண்டு. எனினும் மணமாகி ஓராண்டு கழிவதற்குள் குறை யாரிடம் என்று கேட்கும் உறவினர்களின் நாக்கு, பல ஊர்களில் மருத்துவத்தின் வேகத்துக்கு இன்னும் மாறவில்லை. அவள் உடலில் நடப்பது இன்சுலினும் சினைப்பையும் சேர்ந்த ஒரு கோளாறு என்பதும், அதற்குப் பரிசோதனையும் சிகிச்சையும் உண்டு என்பதும் வீட்டாருக்கும் தெரிந்திருப்பது அவசியம்.